ஈர வேட்டிக்கு விலங்கு

"ஐயோ...! யாராச்சும் ஓடியாங்களே...!"

சின்னத்தாயியின் அலறல் தென்னந்தோப்பைத் தாண்டியது. சோளக்காட்டைத் தாண்டியது. மேற்கிலிருந்து அடித்த பாலக்காட்டுக் காற்று அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது.

கேட்க ஆளில்லை!

துடியலூரிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, முள்வேலிச் சந்து ஒன்றின் முடிவில் தனியாக நின்ற தோட்டத்து வீடு அது. மாலைப் பால் கறக்கச் செம்போடு வந்த பண்ணையாள் சின்னத்தாயி, முன்வாசலிலேயே செம்பைக் கீழே போட்டாள்.

சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் அழகிரிசாமி நாயுடு. குப்புற!

அடுக்களை நிலைப்படியில் அவர் மனைவி ரங்கம்மாள். மல்லாக்க!

இருவரையும் வெட்டிய அரிவாள் வாசலில் கிடந்தது.

சின்னத்தாயிக்கு அந்த அரிவாளைத் தெரியும். கைப்பிடியில் சுற்றிய தாம்புக் கயிறு அவள் திரித்துக் கொடுத்தது. அவள் புருஷன் காளிச்சாமியின் அரிவாள்!

எடுத்து ஒளித்திருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. தப்புச் செய்யாதவனின் அரிவாளை எதற்காக ஒளிக்க வேண்டும்?

தார் ரோட்டைப் பார்த்து ஓடினாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. ஆனி மாதம். வானம் மூடிக் கிடந்த ஒரு நாள்.

*

போலீஸ் ஜீப்பிலிருந்து குதித்த இன்ஸ்பெக்டர் சீனிவாசலு, பிணங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.



கொலையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றும் ஆள் அல்ல அவர். ஆனால் இது சம்பந்தி வீடு! போன மாதம்தான் இதே வாசலில் உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார். அவர் மகள் வரலட்சுமிக்கும், இந்தத் தம்பதி எடுத்து வளர்த்த தம்பி மகன் பாலகோபாலுக்கும் ஆவணியில் கல்யாணம்.

மோட்டார் சைக்கிள் சத்தம்...

பாலகோபால்! வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"பெரியப்பா...! பெரியம்மா...! மாமா, யாரு மாமா இப்படிப் பண்ணிப்போட்டது?"

"மனசைத் திடப்படுத்திக்குங்க மாப்பிள்ளை. நீங்க எங்க போயிருந்தீங்க?"

"மதுக்கரைக்குங்க. புது ஊட்டுக்குச் சிமெண்ட் சொல்லி வைக்கலாம்னு காலைல போனவன் இப்பத்தான் வாரேன். வழியில சொன்னாங்க..."

குலுங்கிக் குலுங்கி அழுதான். சீனிவாசலு அவன் தோளைத் தட்டினார்.

பிறகு சின்னத்தாயியிடம் திரும்பினார்.

"இந்த அரிவாள் யாருது?"

"எங்கூட்டுக்காரருதுங்க சாமி. மாட்டுக் கொட்டத்துல செருகி இருக்கும்ங்க."

"அவன் எங்கே?"

"மத்தியானம் மடை மாத்தப் போச்சுங்க. இன்னும் காணமுங்க."

பாலகோபாலின் அழுகை நின்றது.

"மாமா... நேத்து அவனைப் பெரியப்பா வைஞ்சாருங்க. மொறைச்சுப் பாத்துட்டே போனான். நாந்தான் பெருசா எடுத்துக்கலை..."

"பொய்யுங்க சாமி! அவரு எசமானை ஒருநாளும்..."

"நீ சும்மா இரு!" ஏட்டு அதட்டினார்.

அப்போதுதான் வேலிச் சந்தில் அவன் வந்தான்.

காளிச்சாமி!

இடுப்பு வேட்டி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தலைமுடியும் ஈரம். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

சீனிவாசலு ஒரே எட்டில் அவன் முன்னால் போய் நின்றார்.

"எங்கேடா போயிருந்தே?"

காளிச்சாமி வீட்டு வாசலைப் பார்த்தான். நாயுடுவைப் பார்த்தான். வாய் கோணியது.

"எசமான்...! ஐயோ எசமான்...!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா! வேட்டி ஏன் நனைஞ்சிருக்கு?"

பதில் இல்லை.

"கையில என்ன காயம்?"

காளிச்சாமி கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ரத்தத்தைக் கழுவிப்போட்டு வாரான் மாமா!" பாலகோபால் கத்தினான். "கண்ணால பாக்கறீங்களே... இன்னும் என்ன கேள்வி?"

நல்ல கேள்விதான். சீனிவாசலுவும் அதற்குமேல் கேட்கவில்லை.

விலங்கு பூட்டினார். ஜீப்பில் ஏற்றவில்லை. துடியலூர்க் கடைவீதி நெடுகக் காளிச்சாமியை நடக்கவிட்டு, பின்னால் ஜீப்பை ஓட்டி வரச் சொன்னார். சந்தைக்கு வந்தவர்கள் காறித் துப்பினார்கள். சாப்பிட்ட வீட்டிலேயே வெட்டிவிட்டான் பார் என்றார்கள்.

சின்னத்தாயி கடைசிவரை பின்னாலேயே ஓடி வந்தாள்.

*

"சொல்லுடா! மத்தியானம் எங்கே இருந்தே?"

"சொல்ல முடியாதுங்க சாமி."

அடி.

"வேட்டி எப்படி நனைஞ்சுது?"

"தண்ணில எறங்குனனுங்க."

"எந்தத் தண்ணி? எதுக்கு எறங்குனே?"

"அதைச் சொல்ல மாட்டனுங்க."

அடி! அடி!

சீனிவாசலு தன் பதினெட்டு வருஷ சர்வீஸில் பொய் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறார். கத்தியவர்களை, காலில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறார். பொய்யும் சொல்லாமல், உண்மையும் சொல்லாமல் உள்ளங்காலில் பிரம்படி வாங்குகிறவனை இப்போதுதான் பார்க்கிறார்.

அது அவரைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும்.

கோபப்பட வைத்தது.

கடைசியில் காளிச்சாமி சுவரோடு சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நாந்தான் பண்ணுனேன்னு சொன்னா... நிறுத்திப்போடுவீங்களா சாமி?"

"சொல்லு, நிறுத்தறேன்."

"அப்படியே எழுதிக்குங்க சாமி."

ஏட்டு இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார்.

"எழுதுய்யா" என்றார்.

*

மறுநாள் காலை.

ட்ரிங்... ட்ரிங்...!

ஸ்டேஷன் டெலிபோனை எடுத்தார் சீனிவாசலு. மறுமுனையில் பாலகோபால்.

"ஒத்துக்கிட்டானா மாமா?"

"ஒத்துக்கிட்டான் மாப்பிள்ளை. இன்னிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறேன்."

"தூக்கு நிச்சயம்தானுங்களே?"

"அதை ஜட்ஜ் பாத்துக்குவாரு. நீங்க ராத்திரி சாப்பிட்டீங்களா இல்லையா?"

"எங்கீங்க மாமா... பிரேதத்தை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகோணும். அதுக்கு முன்னால உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போறேன். தனியா இருக்கவே முடியலீங்க..."

"வாங்க, வாங்க. வரலட்சுமி இருக்குது. ஒரு வாய் காபியாவது குடிச்சுட்டுப் போங்க."

ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

எதிரே ஒரு பெண்!

இருபது வயது இருக்கும். சீவாத தலை. காலில் செருப்பில்லை. கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"யாரு கண்ணு நீ?"

"கோமளாங்க. அழகிரிசாமி மாமா தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் எங்களதுங்க."

"என்ன வேணும் அம்மணி?"

"காளிச்சாமியை விட்டுப்போடுங்க."

ஏட்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அவரு கொலை பண்ணலீங்க. கொலை நடந்தப்போ அவரு எங்க தோட்டத்துக் கெணத்துக்குள்ள இருந்தாருங்க."

"கெணத்துல அவனுக்கு என்ன வேலை?"

அவள் தரையைப் பார்த்தாள். உதடு துடித்தது. நிமிர்ந்தபோது கண்ணில் நீர் இல்லை.

"நான் குதிச்சனுங்க. என்னைத் தூக்கறதுக்கு அவரு குதிச்சாருங்க."

சீனிவாசலுவின் கையிலிருந்த பேனா நின்றது.

"எங்க வேலியோரத்து வாய்க்கால்ல மடை மாத்திட்டு இருந்தவரு சத்தம் கேட்டு ஓடியாந்தாருங்க. கயித்தைப் புடிச்சு எறங்கி, என்னைத் தோள்ல போட்டு மேல கொண்டாந்தாரு. கை உரிஞ்சே போச்சுங்க. எனக்கு நெனவு வர்ற வரைக்கும் எங்கம்மா அவரை நகர விடலீங்க..."

ஈர வேட்டி!

உரிந்த உள்ளங்கை!

சீனிவாசலு பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை... அவன் ஏன் சொல்லலை?"

"நாங்க சத்தியம் வாங்கிப்போட்டமுங்க. வெளிய தெரிஞ்சா அம்மாளும் மகளும் சேர்ந்து மறுபடி குதிக்கறதுதான்னு எங்கம்மா அவரு காலைப் புடிச்சுட்டு அழுதுச்சுங்க. எசமானியே காலைத் தொட்டுப்போட்டாங்களேன்னு அவரு நடுங்கிப்போயி, செத்தாலும் சொல்ல மாட்டேன்னு சொன்னாருங்க."

செத்தாலும்!

அடுத்த அறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

"நீ எதுக்கு அம்மணி குதிச்சே?"

"வயித்துல மூணு மாசமுங்க."

"யாரு?"

கோமளா வாயைத் திறந்தாள். அதற்குள்...

"கோமளா...! வாயை மூடுடீ!"

வாசலில் ஒரு விதவை அம்மாள் மூச்சு வாங்க நின்றிருந்தார். வெங்கடலட்சுமி. கோமளாவின் தாயார்.

"பூட்டி வச்ச கதவை ஒடச்சுட்டா வந்தே? ஊரே காறித் துப்பும்டீ! வா ஊட்டுக்கு!"

"அந்தாளைத் தூக்குல போடுவாங்கம்மா!"

"போட்டாப் போடட்டும்! எனக்கு என் மானம் பெருசு!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அந்த அம்மாளின் காதில் விழுந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே கிடக்கிறவன் மகளின் உயிரைக் கொண்டுவந்து கொடுத்தவன். அந்த அம்மாளால் அதற்குப் பிறகு தலையைத் தூக்க முடியவில்லை.

கோமளா இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினாள்.

"நேத்து மத்தியானம் அழகிரிசாமி மாமாகிட்டயும் ரங்கம்மா அத்தைகிட்டயும் போயி எல்லாத்தையும் சொன்னனுங்க. அத்தை என்னைக் கட்டிப்புடிச்சு அழுதாங்க. 'நீதான் எங்கூட்டு மருமக. நாளைக்கே இன்ஸ்பெக்டர் ஊட்டுக்குப் போயி, இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிப்போட்டு வாரோம்'னு சொன்னாங்க..."

"எந்த இன்ஸ்பெக்டர்?"

கேட்டார். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"உங்க ஊட்டுக்குத்தானுங்க."



"ஊட்டுக்கு வந்து அம்மாகிட்டச் சொன்னேன். ஊரெல்லாம் சொல்லிப்போட்டு வந்துட்டியான்னு அடிச்சாங்க. தாங்கலீங்க... குதிச்சுப்போட்டேன். அதுக்கப்புறம் என்ன நடந்துதுன்னு அம்மாவுக்குத்தான் தெரியும். சொல்லும்மா."

வெங்கடலட்சுமி தலையைத் தூக்காமலே பேசினார்.

"இவளைக் கெணத்து மேட்டுல கெடத்தியிருந்தப்போ... வேலிச் சந்துல மோட்டார் சைக்கிள் போச்சுங்க. அவங்க தோட்டத்துல இருந்து வெளிய. பேய் மாதிரி ஓட்டிட்டுப் போனான்."

"யாரு?"

"பாலகோபாலு."

"மதுக்கரைக்குப் போனதாச் சொன்னானே!"

"நான் கண்ணால பாத்தனுங்க. கொலைன்னு கேள்விப்பட்டதுமே புரிஞ்சுபோச்சுங்க. அவனைப் பாத்தேன்னு சொன்னா, கெணத்து மேட்டுல உனக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க..."

சீனிவாசலு டெலிபோனை எடுத்தார். மதுக்கரையில் சிமெண்ட் விற்பவரைப் பிடித்தார். பேசினார். வைத்தார்.

"வரவே இல்லையாம்" என்றார் ஏட்டிடம். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

*

லாக்கப்பின் கதவைத் தானே திறந்தார்.

காளிச்சாமி எழுந்திருக்க முயன்றான். உள்ளங்கால் வீங்கியிருந்தது. முடியவில்லை.

"மன்னிப்பு" என்ற வார்த்தை இன்ஸ்பெக்டரின் நாக்கு வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. அந்த வார்த்தையை அந்த ஸ்டேஷனில் யாரும் எப்போதும் சொன்னதில்லை.

"அந்தப் பொண்ணே வந்து சொல்லிருச்சு காளிச்சாமி."

காளிச்சாமி பதறிப்போனான்.

"சாமி...! நான் சொல்லலீங்க! நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க! அம்மணி ஏதாச்சும் பண்ணிக்கப் போவுதுங்க... ஆளை வச்சுப் பாத்துக்கச் சொல்லுங்க சாமி!"

அடித்தவன் முன்னால் உட்கார்ந்து, அடிபட்டவன் வேறு யாருக்காகவோ கெஞ்சினான்.

சீனிவாசலு குனிந்து அவன் கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கினார். வெளியே கொண்டு வந்தார்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னத்தாயி ஓடி வந்து புருஷனைத் தாங்கிக்கொண்டாள். அவன் பாதத்தைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"விட்டுட்டீங்களா சாமி?"

"தப்பு... என் மேலதான்."

"கட்டி இழுத்துட்டு வந்தப்போ ஊரே பாத்துதுங்க. இப்ப ஒருத்தரையும் காணமுங்களே சாமி?"



"ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க. முன்னால உக்காருங்க" என்றார். "நான் பின்னால வாரேன்."

கடைவீதி வழியாகவே ஜீப் போனது. மெதுவாக. முன் ஸீட்டில் காளிச்சாமியும் சின்னத்தாயியும். பின்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி, இன்ஸ்பெக்டர் சீனிவாசலு நடந்து வந்தார்.

காறித் துப்பியவர்கள் வெறுமனே நின்றார்கள். ஒருவர் மட்டும் "என்னங்க ஆச்சு?" என்றார்.

"ஆள் மாறிப்போச்சுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் உரக்க. "இவன் நிரபராதி. நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன்."

சொல்லி முடித்ததும் காது மடல் எரிந்தது. கூடவே மனசிலிருந்து ஒரு கல்லும் இறங்கியது. ஒன்றுதான். இன்னும் ஒன்று பாக்கியிருந்தது.

டாக்டர் வீட்டு வாசலில் இருவரையும் இறக்கிவிட்டு, ஜீப்பைத் தன் வீட்டுக்கு விடச் சொன்னார்.

*

வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

கூடத்தில் பாலகோபால் காபி குடித்துக்கொண்டிருந்தான். வரலட்சுமி டம்ளரை வைத்துவிட்டு அப்போதுதான் அடுக்களைக்குள் போயிருந்தாள். ஜீப்பில் கூட வந்த ஏட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"வாங்க மாமா! கோர்ட்டு முடிஞ்சுதுங்களா?"

சீனிவாசலு விலங்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"கோமளா வந்திருந்துது" என்றார்.

பாலகோபால் டம்ளரைக் கீழே வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். பயப்படுவான் என்று சீனிவாசலு நினைத்தார். அவன் பயப்படவில்லை!

"என்ன சொன்னாளுங்க?"

"எல்லாம். மதுக்கரைக்கும் பேசிப்போட்டேன். ஏண்டா பாவி... பெத்த மாதிரி வளத்தவங்களையாடா?"

"நானா வெட்டோணும்னு போகலீங்க மாமா." அவன் குரலைத் தாழ்த்தினான். "எவ்வளவோ கெஞ்சுனேன். கேக்கலீங்க. விடிஞ்சா உங்க ஊட்டுக்கு வந்து எம் மானத்தை வாங்கிருவேன்னு நின்னாரு பெரியப்பா. கொட்டத்துல செருகியிருந்த அரிவாள் கைக்கு வந்துது... பெரியம்மா பாத்துட்டாங்க. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"எந்திரி!"

"உக்காருங்க மாமா. கொஞ்சம் யோசிங்க. என்னைக் கொண்டுபோனா நாளைக்குப் பேப்பர்ல என்ன வரும்? இன்ஸ்பெக்டர் மருமகன் கொலைகாரன்! வரலட்சுமியை அப்புறம் எவன் கட்டுவான்? நிச்சயம் ஆன பொண்ணுங்க. கோமளா ஆத்தா வாயைத் திறக்க மாட்டா. கோமளா பேச்சை ஊரு நம்பாது. காளிச்சாமிதான் ஒத்துக்கிட்டானே... ஒரு தோட்டத்து ஆளுங்க மாமா! அவனுக்காக உங்க மகளைக் கெடுக்கப் போறீங்களா?"

சீனிவாசலு உட்கார்ந்தார். கை விலங்கின் மேல் இருந்தது.

எடுக்கவில்லை.

யோசித்தார்.

ஆமாம்... கடைவீதியில் அத்தனை பேர் முன்னால் சொன்ன அந்த மனிதர், மகளின் பெயரைக் கேட்டதும் யோசித்தார்! சற்று முன் ஒரு தாய், மானம் பெரிது என்று சொன்னபோது அருவருத்தவர்தான். இப்போது அந்தத் தாயின் இடத்தில் அவரே உட்கார்ந்திருந்தார்.

அவரே அதை உணர்ந்தார். உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கை நகரவில்லை.

வாசலில் ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்க்க முடியவில்லை அவருக்கு.

பாலகோபால் சிரித்தான். காபி டம்ளரை மறுபடி எடுத்தான்.

அடுக்களைக் கதவு திறந்தது.

வரலட்சுமி!

எல்லாம் கேட்டிருந்தாள் என்பதை அவள் முகமே சொன்னது. நேராக வந்தாள். அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தாள். நிச்சயத்துக்கு அவன் வீட்டில் போட்ட மோதிரத்தைக் கழற்றி அதற்குள் போட்டாள்.

க்ளிங்!

"ஏட்டய்யா, இவரு சொன்னது உங்களுக்கும் கேட்டுதுங்களா?"

"ஒண்ணு விடாமக் கேட்டுது கண்ணு."

"எனக்கும் கேட்டுதுங்க. கோர்ட்டுல ரெண்டு சாட்சி ஆச்சு."

அப்பாவிடம் திரும்பினாள். அவர் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் அவரிடம் இல்லை.

"அப்பா... எனக்காக யோசிக்கறதா இருந்தா, யோசிக்காதீங்க. கையை எடுங்க."

விலங்கை அவர் கைக்கு அடியிலிருந்து உருவி, அவர் கையிலேயே கொடுத்தாள்.

சீனிவாசலு எழுந்தார்.

க்ளிக்!

பாலகோபாலின் சிரிப்பு அதோடு நின்றது. வெளிறிப்போனான்.

"வரலட்சுமி...! உனக்கென்ன பைத்தியமா? என்னை எங்கே அனுப்பறேன்னு தெரிஞ்சுதான் பண்றியா?"

வரலட்சுமி வாசல் கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

"வேற எங்கே... மாமியார் ஊட்டுக்குத்தான் மாப்பிள்ளே!"